புதுப்பிப்பு: சிறையில் இருக்கும் மாமாவுக்கு டயாலிசிஸ், விடுதலை மனு

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 11 வருடம் கழித்துவிட்ட என் தாய்மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன, என்ன வழி என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "வக்கீல் ஃபீஸுக்கு அலையாதீங்க, சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க" என்ற அண்ணாச்சியின் யோசனைதான். 1987ஆம் வருடச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. திருநெல்வேலியில் மனு கொடுத்தோம். அவர்கள் அமர்த்திய வக்கீல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு (அரசுக்கு உத்தரவிடக் கோரும் மனு) போட்டார். சிகிச்சைக்காக விடுப்பு கிடைத்தது. அத்தை மஞ்சப்பையில் சேர்த்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தது இவ்வளவு உதவும் என்று நினைக்கவே இல்லை.

அப்புறம், "14 வருடம் முடியாமல் விடுதலைப் பேச்சே இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433ஏ பிரிவு (இப்போது புதிய சட்டத்தில் 475) அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அரசியலமைப்பின் 161ஆவது பிரிவில் தண்டனையைக் குறைக்க ஆளுநருக்குள்ள அதிகாரத்தை அது கட்டுப்படுத்தாது என்று மாரு ராம் வழக்கில் 1980லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்படி ஆளுநருக்கு விடுதலை மனுவும் அனுப்பியிருக்கிறோம், முடிவு வரவில்லை.

மாமா இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இருக்கிறார். செருப்பு நுழையாமல் வீங்கியிருந்த கால் வற்றியிருக்கிறது.