சீட்டில் 1-0-1 என்று எழுதினால் போதுமா?

பாசிக்காரி மகள்:
நம் ஊர்க் குழுவில் நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "இந்தக் கடலோரச் சனத்துக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. மருந்துச் சீட்டில் 1-0-1, காலை ஒன்று இரவு ஒன்று என்று தெளிவாக எழுதியிருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடாமல் சர்க்கரை ஏறின பிறகு வந்து நிற்கிறார்கள்." ஆஸ்பத்திரியில் 33 வருடம் மருந்து கொடுத்தவராம், அதற்கு அத்தனை பேர் கைதட்டல். படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை.

என் அம்மா பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிறவர். விடியுமுன் நாலு மணிக்கு ஒரு கடுங்காப்பியைக் குடித்துவிட்டு வத்தையில் ஏறுவார். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவு ஓரத்தில் முங்கி முங்கி எடுத்துவிட்டுக் கரைக்கு வந்து சோற்றில் கை வைக்க இரண்டு, மூன்று மணி ஆகும். உங்கள் சீட்டில் 0 போட்டிருக்கும் நேரம்தான் அவருக்கு முதல் சாப்பாடு.

சீட்டில் காலை 1 என்று இருக்கிறதே என்று ஒரு நாள் நாலு மணிக்கே அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனார். கிளிமிபிரைடு கலந்த சர்க்கரை மாத்திரை, வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். ஏழு மணி வாக்கில் முங்கினவர் மேலே வரும்போது கை உதறல், கண் இருட்டு. கூட இருந்த பெரியம்மா கொண்டையைப் பிடித்து வத்தைக்குள் இழுத்துப் போட்டு, வெற்றிலைப் பையில் இருந்த கருப்பட்டித் துண்டைக் கொடுத்து மெல்ல வைத்ததால் இன்று இருக்கிறார். மறுநாள் ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரே கேள்வி, "உணவுக்குப் பின் என்று எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?" நீ எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முன்னாள் மருந்தாளுநர்:
அது நான் எழுதியதுதான், நேராகவே என்னைக் கேட்டிருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது வருத்தம்தான். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், உணவுக்குப் பின் என்று எழுதியிருந்தது. சாப்பிடாமல் போட்டது யார்? ஒரு காலையில் முந்நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஆளாளுக்கு உட்கார்ந்து கதை கேட்க முடியாது தாயி. 1-0-1 என்பது பள்ளிக்கூடம் போகாதவருக்கும் புரியும். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இதில் என்ன குழப்பம்?

பாசிக்காரி மகள்:
குழப்பம் 0-வில் ஐயா. அந்த 0 யாருடைய மதியம்? ஆபீஸ் போகிறவருடைய மதியம். எங்கள் மதியம் இல்லை.

தொண்டி தம்பி:
அக்கா சொல்வதற்குப் பெயரே உண்டு. நான் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யும் பிரிவில் இருக்கிறேன். அங்கே நோயாளியின் பண்பாட்டுக்கும் மொழிக்கும் ஏற்றபடி சேவை செய்ய 2000-இல் 'க்ளாஸ்' என்று தரநிலைகள் கொண்டுவந்து 2013-இல் திருத்தினார்கள், மொத்தம் 15. நோயாளியின் மொழி, பழக்கவழக்கம், நம்பிக்கை இதையெல்லாம் அறிந்து வைத்தியம் செய்வது பண்பாட்டுத் திறன். சொல்வது அவருக்கு விளங்கும்படி சொல்வதும், விளங்கியதை வைத்து அவர் முடிவெடுக்க முடிவதும் நலக் கல்வியறிவு. இது நோயாளியின் குறை இல்லை, நிறுவனத்தின் பொறுப்பு என்பதுதான்...

முன்னாள் மருந்தாளுநர்:
அமெரிக்காவில் என்ன எழுதினால் எங்களுக்கு என்ன தம்பி. இங்கே மாத்திரை இலவசம், அங்கே விலையைச் சொல்லுங்கள் பார்ப்போம். 1-0-1 அங்கேயும் 1-0-1 தான்.

தொண்டி தம்பி:
அங்கே அப்படி எழுத மாட்டார்கள். எத்தனை மாத்திரை, எப்போது என்று டப்பாவின் மேலே வாக்கியமாகவே ஒட்டியிருக்கும்.

முன்னாள் மருந்தாளுநர்:
ஊரை விட்டுப் போனவர்களுக்கு இங்கே எல்லாமே குறைதான். 

கீழக்கரை காக்கா:
அதை விடுங்கள். 1-0-1 நோன்பு மாசத்தில் என்ன ஆகும் என்று மருந்தாளுநர் சொல்லட்டும். என் வீட்டம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. ரமலானுக்கு முன்னால் போய்க் கேட்டால் டாக்டர் சீட்டைப் பார்த்தபடியே, "நோன்பு வைக்காதீங்க, அடுத்த ஆள்" என்று முடித்துவிட்டார். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருப்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொல்லாமல், மாத்திரையைத் தானே பாதியாக உடைத்து விடியுமுன் சாப்பிடும் சஹருக்குக் கொஞ்சம், நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகு கொஞ்சம் என்று போட்டிருக்கிறாள். இருபதாம் நோன்பில்தான் எனக்கே தெரிந்தது. மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் திட்டவில்லை. "சஹருக்கு என்ன சாப்பிடுவீங்க"ன்னு கேட்டு, வேளையையும் அளவையும் மாற்றிக் கொடுத்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது, எழுபதுக்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். ஐந்து நிமிஷப் பேச்சு.

முன்னாள் மருந்தாளுநர்:
காக்கா, டாக்டர் வைக்காதே என்றால் வைக்கக் கூடாது. வைத்துவிட்டு எங்கள் மேல் பழி போட்டால் எப்படி?

கீழக்கரை காக்கா:
பழி போடவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்கிறேன். அடுத்த ஆள் என்று சொன்ன பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

மண்டபம் முகாம்:
நான் 1990-இல் இலங்கையிலிருந்து வந்தவள். எங்களுக்கும் இவர்களுக்கும் ஒரே தமிழ்தானே என்று எல்லாரும் சொல்வார்கள். "குளிசை முடிஞ்சுது, பிள்ளைக்கு வயிற்றோட்டம்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். மருந்து கொடுத்த பிள்ளை பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள். குளிசை என்றால் மாத்திரை என்று அவளுக்குத் தெரியாது. தெரியாதது குற்றமில்லை, சிரித்ததுதான். அதற்குப் பிறகு பல மாதம் நான் வாய் திறக்காமல் சீட்டை மட்டும் நீட்டி வாங்கி வந்தேன். இடையில் இரண்டு சீட்டு மாறிப் போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

சாயல்குடி வாத்தியார்:
குளிசை கொச்சை இல்லை அம்மா. சித்த வைத்தியத்தில் குளிகை என்று இருக்கிறது, அதுதான் குளிசை ஆனது. மாத்திரை என்பது அளவைக் குறிக்கும் சொல். உண்மையில் உங்கள் சொல்தான் பொருத்தம்.

முன்னாள் மருந்தாளுநர்:
வாத்தியார் வந்துவிட்டாரா, இனி இலக்கண வகுப்புதான். மாத்திரை என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறது, அது தப்பா?

சாயல்குடி வாத்தியார்:
தப்பு என்று நான் எழுதவே இல்லை. திரும்பப் படியுங்கள். படிக்கத் தெரியாதா என்று சனத்தைக் கேட்டது உங்கள் ஆட்கள்தானே.

பாசிக்காரி மகள்:
எல்லாரும் அந்த 0-வை விட்டுவிட்டீர்கள். நான் விடவில்லை. ஐயா, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். விசைப்படகில் காலையில் போய் மறுநாள் காலையில் திரும்புகிறவருக்கு இரவு 1 எங்கே? நடுக்கடலில் வலை இழுக்கும்போதா? ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அதே ஆள் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடுவார். அப்போதும் அதே சீட்டு, அதே 1-0-1. தடைக்காலத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, தொழிலுக்குப் போனதும் ஏறிவிட்டது என்றால் உடனே "வாயைக் கட்டவில்லை" என்கிறீர்கள்.

முன்னாள் மருந்தாளுநர்:
2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்து வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்கிறார்கள். இன்னும் என்ன செய்ய வேண்டும்? ஊட்டிவிட வேண்டுமா?

பாசிக்காரி மகள்:
அந்தத் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வருகிறவள் எங்கள் ஊர்ப் பெண். அவள்தான் முதல்முதலாக அம்மாவிடம், "நாளைக்குக் கடலா, கரையா அத்தை?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி போதும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் வேளையை மாற்றிச் சொல்ல அவளுக்கு அதிகாரம் இல்லை. டாக்டரிடம் கேளுங்கள் என்றாள். டாக்டரிடம் போனால் மறுபடி 1-0-1.

கீழக்கரை காக்கா:
மனநோயாளிகளைக் கூட்டிக்கொண்டு போகும் ஏர்வாடி தர்காவையும் நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் போனார்கள். அதற்குப் பிறகு தர்காவுக்குப் போகாதே என்று அதட்டினால் யாரும் கேட்டார்களா? தர்காவிலேயே டாக்டரை உட்கார வைத்து, துவா என்கிற பிரார்த்தனையும் இருக்கட்டும் மருந்தும் இருக்கட்டும் என்ற பிறகுதான் குடும்பங்கள் மாத்திரைக்குக் கை நீட்டின.

முன்னாள் மருந்தாளுநர்:
அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் மந்திரிக்கவும் ஆள் போடச் சொல்கிறீர்களா? நன்றாக இருக்கிறது. சங்கிலி போட்டது ஆஸ்பத்திரியா?

கீழக்கரை காக்கா:
நான் சொன்னது ஒன்று, நீங்கள் எடுத்துக்கொண்டது ஒன்று. 33 வருடம் கவுண்டரிலும் இப்படித்தான் காதில் வாங்கினீர்களா?

முன்னாள் மருந்தாளுநர்:
என் சர்வீஸைப் பற்றிப் பேச வேண்டாம். சுனாமிக்கு மறுநாள்கூட நான் லீவு போட்டதில்லை. கையெழுத்துப் புரியாத சீட்டை எல்லாம் டாக்டரிடமே போய்க் கேட்டுக் கேட்டுக் கொடுத்தவன் நான். பெரிய எழுத்தில் தெளிவாக எழுதுங்கள் என்று மருத்துவக் கவுன்சில் 2016-இல் சொன்னதை நான் அதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாசிக்காரி மகள்:
பாருங்கள், டாக்டர் எழுதியது உங்களுக்கே புரியாதபோது போய்க் கேட்டீர்கள். அது படிப்பறிவில்லாத குற்றம் என்று உங்களை யாரும் சொல்லவில்லை. எங்களுக்குப் புரியாதபோது மட்டும் ஏறாத சனம்.

முன்னாள் மருந்தாளுநர்:
அது கையெழுத்து. இது எண். 1-0-1 எண். எண் எல்லாருக்கும் ஒன்றுதான்.

தொண்டி தம்பி:
கொடுத்த பிறகு, "வீட்டில் போய் எப்படிப் போடுவீர்கள், ஒரு தடவை சொல்லுங்கள்" என்று திருப்பிச் சொல்லச் சொன்னாலே பாதித் தப்பு அங்கேயே பிடிபடும். இதற்குப் பணம் வேண்டாம், ஆள் வேண்டாம்.

முன்னாள் மருந்தாளுநர்:
முந்நூறு பேரிடம் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் வந்து நில்லுங்கள் தம்பி ஒரு நாள்.

மண்டபம் முகாம்:
நான் வந்து நிற்கிறேன். சிரிக்காமல் கேட்பேன்.

சாயல்குடி வாத்தியார்:
அம்மா, குளிகை விஷயத்தில் இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன்...

பாசிக்காரி மகள்:
வாத்தியாரே, பிறகு. ஐயா, வியாழக்கிழமை அம்மாவுக்கு மாத்திரை வாங்கும் நாள். அன்றைக்கு அம்மா கடலுக்குப் போகவில்லை, நானும் கூட வருகிறேன். சுருக்குப்பையில் நனைந்து காய்ந்து நாலாக மடிந்து கிடக்கும் அந்தச் சீட்டை நீங்களே வந்து விரித்துப் பாருங்கள். கடலுக்குப் போகிற நாளில் அந்த 1 எத்தனை மணி, 0 எத்தனை மணி என்று அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

முன்னாள் மருந்தாளுநர்:
வருகிறேன். வந்தாலும் 1-0-1 தான் சொல்வேன்.

பாசிக்காரி மகள்:
எட்டு மணிக்கு வாருங்கள். வரும்போது சாப்பிடாமல் வாருங்கள்.