ஊட்டி மலை ரயில்: புது இன்ஜின் வந்தால் பாரம்பரியம் போய்விடுமா?

மீட்டர்கேஜ் பிரியன்:
2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை இது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த பழைய எக்ஸ் வகை இன்ஜின்கள்தான் இதன் உயிர் என்று நினைத்திருந்தேன். இப்போது திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் செய்த புது நீராவி இன்ஜின்களும் ஓடுகின்றன, சிலவற்றில் கரிக்குப் பதில் எண்ணெய். எனக்கு இது உறுத்துகிறது. எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது?

பற்சக்கரம்:
புதுசு என்பதற்காக வருத்தப்பட வேண்டாம். பாய்லரும் பற்சக்கரமும் தேய்கிற பொருள்கள், ஆரம்பத்தில் இருந்தே மாற்றி மாற்றித்தான் ஓட்டியிருப்பார்கள். காப்பாற்ற வேண்டியது அது வேலை செய்யும் விதத்தை. கல்லாரில் இருந்து குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி ஏற்றம், வெறும் சக்கரப் பிடிப்பை நம்பி ஏற முடியாது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் இரண்டு பல் பட்டைகள், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருகிற மாதிரி, அப்போதுதான் பிடி எந்த நேரமும் விடாது. இன்ஜினில் நான்கு சிலிண்டர். இரண்டு சாதாரண சக்கரங்களுக்கு, அதில் வேலை முடித்து வெளியேறும் நீராவியே மற்ற இரண்டுக்கும் போய்ப் பற்சக்கரத்தைச் சுற்றும். பொன்மலை இன்ஜின்களும் இதே அமைப்புதான். இந்தப் பல் பட்டை ஏற்றத்தில் டீசல் இன்ஜினை வைத்துத் தள்ள ஆரம்பித்தால் அன்றைக்கு நானும் உங்களோடு சேர்ந்து சண்டை போடுவேன்.

குன்னூர்க்காரி:
எல்லாரும் இன்ஜினையே பேசுகிறீர்கள். பாதையைத் தின்பது தண்ணீர். ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரிந்து ரயில் நிற்பது எங்களுக்குப் பழகிப்போன செய்தி. 250 பாலங்கள், 16 குகைகள், அவை போக வடிகால்கள். சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தடுப்புச்சுவருக்குப் பின்னால் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும். மழைக்கு முன்னால் வடிகாலைத் தூர்வாருவதை யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள், ஆனால் அதுதான் முதல் வேலை.

மீட்டர்கேஜ் பிரியன்:
சரி, இது தோன்றவே இல்லை. அப்புறம் பழைய கல் சுவர்களில் விரிசல் வந்தால் சிமெண்ட் பூசலாமா?

சுண்ணாம்புக் காரை:
பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், சட்டென்று பூசிவிடாதீர்கள். அந்தக் காலத்துக் கல் வேலை பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. சுவருக்குள் போன ஈரம் அந்தக் காரை வழியாக மெல்ல வெளியேறும். மேலே சிமெண்டை அடைத்தால் ஈரத்துக்கு வழியில்லை, கல்லின் முகமே உரிந்து விழும். முதலில் எந்தக் காரை என்று பார்க்கணும், அதே மாதிரி கலவையில்தான் இணைப்பை நிரப்பணும். செலவு கூடும், ஆறவும் நாளாகும், குளிர் மழைக் காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

குன்னூர்க்காரி:
ஆட்களையும் விட்டுவிடாதீர்கள். இறக்கத்தில் பெட்டிக்குப் பெட்டி பிரேக்மேன் நின்று கையால் பிரேக் பிடிக்கிறார். எங்கே எவ்வளவு பிடிப்பது என்பது கூடவே நின்று பழகினால்தான் வரும். அனுபவம் உள்ளவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே புதியவரைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்க வேண்டும்.