லாலு பிரசாத்: குரல் கொடுத்தவரா, கருவூலத்தைத் திறந்துவிட்டவரா?

நெய்தல்நிலவன்:

லாலு பிரசாத் யாதவ் "சமூகநீதி பேசியதற்காகப் பழிவாங்கப்பட்டவர்" என்று நேற்று ஒரு நண்பர் இங்கே எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

கோபால்கஞ்ச் மாவட்டத்தின் புல்வாரியா கிராமத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பாட்னா பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவர், இந்திரா காந்தி ஆட்சியை எதிர்த்த ஜெயபிரகாஷ் நாராயண் இயக்கத்தில் முன்னணி இளைஞர், 1977-ல் முப்பது வயதுக்குள் சாப்ரா தொகுதியின் எம்.பி., 1990 மார்ச்சில் பிகாரின் முதலமைச்சர். இந்த வளர்ச்சியை யாரும் குறைத்துப் பேச முடியாது. நானும் பேசவில்லை.

ஆனால் கால்நடைத் தீவனமும் மருந்தும் வாங்கியதாகப் பொய்க் கணக்குக் காட்டி அரசுக் கருவூலங்களிலிருந்து பணம் எடுத்த தீவன ஊழலில், 2013, 2017, 2018-ல் இருமுறை, பிறகு 2022 என்று ஐந்து தீர்ப்புகளில் ராஞ்சி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று அறிவித்தது. ராஞ்சியின் டோரண்டா கருவூல வழக்கில் மட்டும் முறைகேடாக எடுக்கப்பட்ட தொகை 139 கோடி ரூபாய்க்கும் மேல். மொத்த ஊழல் ஏறத்தாழ 950 கோடி. ஐந்து வழக்குகளையும் பழிவாங்கல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியுமா?

சமநீதி:

அந்த நண்பர் நான்தான். சொன்னதில் உறுதியாக நிற்கிறேன்.

1990-க்கு முந்தைய பிகாரை நினைத்துப் பாருங்கள். நிலம், காவல் நிலையம், ஆட்சியர் அலுவலகம், சட்டமன்றம் எல்லாம் சில சாதிகளின் கையில். பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு கொண்டுவந்த முன்னாள் முதல்வர் கர்பூரி தாக்கூர் தெருவில் இறங்கியவர்களால் அவமதிக்கப்பட்டார். அந்த மண்ணில், கால்நடை மருத்துவக் கல்லூரியில் கடைநிலை ஊழியராக இருந்த அண்ணனின் குடியிருப்பில் வளர்ந்தவர், அதே கல்லூரியில் எழுத்தராக இருந்தவர், முதல்வர் நாற்காலியில் அமர்ந்தார். பதவியேற்ற பிறகும் சில காலம் அந்தக் குடியிருப்பிலேயே இருந்தார். 1990 அக்டோபரில் அயோத்தியில் ராமர் கோயில் கேட்டு அத்வானி நடத்திய ரத யாத்திரையைச் சமஸ்திபூரில் நிறுத்தி அவரைக் கைது செய்தார். அந்த ஒரு முடிவுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இன்னொன்று. வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்கில் 2006-ல் அவரும் மனைவி ராப்ரி தேவியும் விடுதலை ஆனார்கள். இதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை? தீவன ஊழலில் முதல் வழக்கைப் பதிவு செய்யச் சொன்னதும் அவருடைய அரசுதான்.

பழைய கணக்கர்:

சமநீதி ஐயா, முப்பத்தோரு ஆண்டுகள் கருவூலத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அரசியல் எனக்குத் தெரியாது, கருவூலத்துக்கு வரும் பட்டியல், அதாவது பில், தெரியும்.

ஒரு துறை கருவூலத்திலிருந்து பணம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஒதுக்கீட்டு ஆணை வேண்டும். பிறகு, பணம் எடுத்து வழங்கும் அலுவலர் கையெழுத்திட்ட பட்டியல், அதன் பின்னால் பொருள் கொடுத்தவரின் ரசீது, பொருள் வந்து சேர்ந்ததற்கான சான்று. கருவூலத்தில் ஒதுக்கீட்டையும் இதுவரை ஆன செலவையும் ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் பட்டியலை அனுமதிக்க வேண்டும். ஒரு ரூபாய் கூடினாலும் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்புவோம். என் கையால் அப்படித் திருப்பிய பட்டியல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். திட்டு வாங்கியிருக்கிறேன், மாற்றலும் வாங்கியிருக்கிறேன்.

பிகாரில் என்ன நடந்தது? போலி ஒதுக்கீட்டு ஆணை, போலி ரசீது, இல்லாத மாடுகளுக்கு வராத தீவனம், மருந்து. டோரண்டா வழக்கின் ஆவணங்களில், ஹரியாணாவிலிருந்தும் தில்லியிலிருந்தும் ராஞ்சிக்குக் காளைகளை ஏற்றிவந்ததாகக் காட்டிய வண்டி எண்களைச் சரிபார்த்தபோது அவற்றில் பல ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் எண்களாக இருந்தன. ஒரு காளையை ஸ்கூட்டரில் ஏற்ற முடியாது என்பது பட்டியலைப் பார்த்த எந்த எழுத்தருக்கும் தெரியும் என்று சொல்ல மாட்டேன். அவர் எண்ணைத்தான் பார்ப்பார். ஆனால் கால்நடைத் துறையின் ஆண்டுச் செலவு ஒதுக்கீட்டைவிடப் பல மடங்கு போனது. அது ஒரு எழுத்தரோடு முடிகிற விஷயம் அல்ல. மாதக் கணக்கு மாநிலக் கணக்காயரிடம் போகும். அங்கிருந்து நிதித் துறைக்குக் கேள்வி வரும். அந்த ஆண்டுகளில் நிதித் துறையை யார் வைத்திருந்தார்? முதல்வரே வைத்திருந்தார்.

சமநீதி:

கணக்கர் ஐயா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. இது எனக்குத் தெரியாத பக்கம். ஆனால் ஊழல் அவர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே தொடங்கியது. அதனால்தானே முன்னாள் முதல்வர் ஜெகந்நாத் மிஸ்ராவும் குற்றம் சாட்டப்பட்டார்? 2017 டிசம்பரில் தேவ்கர் கருவூல வழக்கில் மிஸ்ரா விடுதலை, லாலுவுக்கு மூன்றரை ஆண்டு. தும்கா வழக்கிலும் அப்படியே. இவருக்கு ஒரு நீதி, அவருக்கு ஒரு நீதியா?

சட்டமேசை:

வழக்கறிஞன் என்பதால் குறுக்கிடுகிறேன். மிஸ்ரா எல்லா வழக்கிலும் தப்பவில்லை. 2013-ல் சாய்பாசா கருவூல வழக்கில் லாலுவோடு சேர்த்து அவருக்கும் தண்டனை, நான்கு ஆண்டு. 2018 ஜனவரியில் இரண்டாவது சாய்பாசா வழக்கிலும் தண்டனை. ஒவ்வொரு கருவூலத்துக்கும் தனி வழக்கு, தனிச் சாட்சியம். ஒன்றில் ஆதாரம் போதாமல் விடுதலை ஆவது பாரபட்சத்துக்குச் சான்றாகாது.

"அவர் கையில் பணம் வாங்கியதை யார் பார்த்தார்" என்று பலர் கேட்கிறார்கள். குற்றச்சதி வழக்கில் ஒவ்வொருவர் கைக்கும் பணம் போனதை நிரூபிக்க வேண்டியதில்லை. தெரிந்தே இடம் கொடுத்தாரா என்பதே கேள்வி. சொத்து வழக்கில் விடுதலையும் சதி வழக்கில் தண்டனையும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

அரசே வழக்குப் பதிவு செய்தது என்பது பாதி உண்மை. 1996 ஜனவரியில் மேற்கு சிங்பூம் துணை ஆணையர் அமித் கரே சாய்பாசாவில் கால்நடைத் துறை அலுவலகங்களில் சோதனை நடத்திய பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. மாநில அரசின் விசாரணை போதாது என்று பாட்னா உயர் நீதிமன்றம் சிபிஐயிடம் ஒப்படைத்தது. அந்த உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது அதே மாநில அரசுதான். உச்ச நீதிமன்றமும் சிபிஐ விசாரணையையே உறுதி செய்தது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்கள் எதற்காக அவ்வளவு தூரம் போனார்கள்?

ஆனால் சமநீதி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் சோதனை 1996, தீவன ஊழலில் லாலுவுக்கு எதிரான முதல் தீர்ப்பு 2013. பதினேழு ஆண்டுகள்! அந்த இடைவெளியில் அவர் மனைவி முதல்வராக இருந்தார், அவரே ரயில்வே அமைச்சராக ஐந்து ஆண்டு இருந்தார். இவ்வளவு தாமதமாக வரும் தண்டனையைப் பார்க்கும் தொண்டனுக்கு அது பழிவாங்கலாகத்தான் தெரியும். அந்தக் குற்றம் நீதித்துறையுடையது.

வழிப்போக்கன்:

வட இந்தியக் கதை எதற்கு? நம் மாநிலத்திலும் 1996-ல் தொடங்கிய சொத்துக் குவிப்பு வழக்கில் 2014-ல்தானே முதல் தீர்ப்பு வந்தது?

நெய்தல்நிலவன்:

வழிப்போக்கன், ஒப்பீடு சரிதான். ஆனால் அந்தப் பக்கம் போனால் இந்த இழை திரும்பி வராது. வேறு இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

சமநீதிக்கு ஒரு கேள்வி. 1997 ஜூலையில் கைது நெருங்கியபோது லாலு என்ன செய்தார்? ஜனதா தளத்தை உடைத்து ராஷ்டிரிய ஜனதா தளத்தைத் தொடங்கினார். பதவி விலகி, அதுவரை அரசியலில் காலே வைக்காத மனைவியை முதல்வர் ஆக்கினார். பிற்படுத்தப்பட்ட சமூகங்களில் வேறு ஒரு தலைவர்கூட இல்லையா? கட்சியில் அத்தனை பேர் இருந்தும் நாற்காலி வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று முடிவெடுத்த இடத்தில்தான் சமூகநீதி குடும்ப நீதியாகிவிட்டது. சிறையைவிட எனக்கு அதுதான் பெரிய வீழ்ச்சி.

சமநீதி:

அந்த முடிவை நான் ஆதரிக்கவில்லை. அன்றும் ஆதரிக்கவில்லை. ஆனால் மக்கள் 2000 தேர்தலில் அந்தக் கட்சியைத் தனிப்பெரும் கட்சியாக்கினார்கள், 124 இடங்கள். 2015-ல் தண்டனை பெற்று, தேர்தலில் நிற்கும் தகுதியை இழந்த பிறகும் அவர் கட்சி 80 இடங்களில் வென்றது. அந்த மக்கள் எல்லாரும் ஏமாளிகளா? அவர் கொடுத்த மரியாதைக்காக ஓட்டுப் போட்டார்கள். மரியாதை என்பது வயிற்றுக்குச் சோறு போடாது என்று பேசுகிறவர்கள் ஒருநாளும் அதை இழந்து பார்த்தவர்கள் அல்ல.

வைகைக்கரை:

இரண்டு நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1994 முதல் 2001 வரை பாட்னாவில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

சமநீதி சொல்லும் மரியாதையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவரும் பெரியவர் ஒருவர் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் பழைய நிலக்கிழார் குடும்பம். அவர் வாசலில் நின்றால் பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடந்துபோன காலம் ஒன்று இருந்ததாம். நான் பார்த்தபோது அவர் சைக்கிளில் அமர்ந்தபடியே, மணியடித்துக்கொண்டு போனார். அந்த மணிச்சத்தத்துக்கு என்ன விலை என்று யாரும் கணக்குப் போட முடியாது.

மறுபக்கத்தையும் பார்த்தேன். இருட்டிய பிறகு வெளியே போகப் பயந்தோம். ஆள் கடத்தல் பேச்சு இல்லாத வாரம் இல்லை. 2001 கணக்கெடுப்பில் பிகாரின் எழுத்தறிவு 47 விழுக்காடு, நாட்டிலேயே கடைசி. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக லாலு "சர்வாஹா வித்யாலயா" என்று பள்ளிகள் தொடங்கினார். முதலாவது முசாபர்பூர் பக்கம் துர்கியில். பிள்ளைகள் மாட்டை ஓட்டிக்கொண்டு வரலாம், மாடு மேயும்போது பிள்ளை படிக்கும். ஆசிரியையாக எனக்கு அந்த எண்ணம் அவ்வளவு பிடித்திருந்தது. சில ஆண்டுகளிலேயே அவை பாழடைந்து போயின. அதே ஆண்டுகளில்தான் அதே அரசின் கால்நடைத் துறையில் மாட்டுத் தீவனத்தின் பெயரால் கோடிகள் போயின. இவ்விரண்டையும் சேர்த்து நினைக்கும்போது எனக்குக் கோபத்தைவிட அழுகைதான் வருகிறது.

இதுவரை இங்கே யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. லாலுவுக்குத் தண்டனை கிடைத்த வழக்குகளின் கருவூலப் பெயர்களைப் பாருங்கள்: சாய்பாசா, தும்கா, தேவ்கர், டோரண்டா. எல்லாம் அன்றைய தென் பிகார், இன்றைய ஜார்க்கண்ட். சாய்பாசா ஹோ பழங்குடியினரின் ஊர், தும்கா சந்தால் பழங்குடியினரின் ஊர். பால்காரருக்குக் கிடைத்த குரல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ஊர்க் கருவூலங்களின் பணம்தான் போனது.

சமநீதி:

அம்மா, இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. சாய்பாசா என்றால் எனக்கு வழக்கின் பெயராக மட்டுமே இருந்தது. 1990-ஐப் பற்றி நான் எழுதியதில் ஒரு வரியைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் "பழிவாங்கப்பட்டவர்" என்று எழுதியது சரியல்ல. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பால்காரப் பெரியவர் தீவன ஊழலைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

வைகைக்கரை:

கேட்டேன். 1997 ஜூலை இறுதியில் லாலு நீதிமன்றத்தில் சரணடைந்த செய்தி வந்த மறுநாள் காலை. "தீவனப் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே" என்றேன். அவர் பாலை அளந்து ஊற்றினார். பிறகு, தன் இரண்டு எருமைகளில் ஒன்றுக்கு மடி வீங்கியிருப்பதாகவும், அரசு கால்நடை மருந்தகத்துக்கு மூன்று முறை ஓட்டிப் போயும் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னார். லாலுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2000-லும் லாலுவுக்குத்தான் ஓட்டுப் போட்டார். எங்கள் வாசலில் நின்றுதான் விரலில் இருந்த மையைக் காட்டினார்.