சூடானதும் ஸ்லோவில் நிற்காமல் ஆஃப் ஆகிறது, கார்புரேட்டரை மாற்றலாமா?

கேள்வி:
2011 மாடல் 100 சிசி பைக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள வண்டி. காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகி, ஆக்சிலேட்டர் தராமலே ஸ்லோவில் நன்றாக ஓடுகிறது. பத்து கிலோமீட்டர் ஓடி இன்ஜின் சூடான பிறகுதான் தொல்லை, சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டால் துடித்துத் துடித்து ஆஃப் ஆகிவிடுகிறது, பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்க, மகளையும் உட்கார வைத்துக்கொண்டு உதைத்துக்கொண்டே இருக்கிறேன். ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றினால் வண்டி கத்துகிறது. பிளக், ஏர் ஃபில்டர் புதிது. கார்புரேட்டரை இரண்டு முறை கழுவியாகிவிட்டது. மெக்கானிக் அதை மாற்றச் சொல்கிறார்.

பதில்:
அவசரப்படாதீர்கள் சார். கார்புரேட்டருக்குள் இருக்கும் பைலட் ஜெட்டைக் கழற்றினார்களா, இல்லை அடிக்கிண்ணத்தை மட்டும் அலசினார்களா? ஸ்லோவுக்கான பெட்ரோல் அந்த முடியளவு ஓட்டை வழியாகத்தான் வருகிறது. அதைக் கம்பியால் குத்தக் கூடாது, பித்தளை, ஓட்டை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்துக் காற்று ஊதினால் போதும். அப்புறம், சூட்டில், காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். ஆஃப் ஆகாமல் ஓடினால், பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று புகுகிறது.

பதில்:
கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் மேனிஃபோல்டு இணைப்பையும் பாருங்கள். ரப்பர் வெடித்தோ ஓ-ரிங் நசுங்கியோ இருந்தால் காற்று இழுக்கும். ஸ்லோவில் ஓடும்போது அங்கே சோப்புத் தண்ணீர் விடுங்கள், இன்ஜின் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். சிலர் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள், சூடான இன்ஜினில் அதைச் செய்யவே வேண்டாம்.

கேட்டவர்:
ஜெட்டைக் கழற்றித்தான் ஊதினார்கள், நான் பக்கத்திலேயே இருந்தேன். சோக் இழுத்தால் இன்னும் சீக்கிரம் ஆஃப் ஆகிறது. சோப்புத் தண்ணீருக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், போன சர்வீஸில், வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தம் அதிகம் என்று நானே சொல்லிக் குறைக்க வைத்தேன். அதற்கப்புறம் வண்டி ரொம்ப அமைதி.

பதில்:
அண்ணே, அங்கேதான் இருக்கிறது. கார்புரேட்டருக்குக் காசு கொடுக்காதீர்கள். சத்தம் போக வேண்டும் என்று டேப்பெட்டை இறுக்கிவிட்டார்கள். குளிரில் டேப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருக்கும், சூட்டில் வால்வு நீண்டதும் அதுவும் போய், வால்வு முழுதாக மூடாது, இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தம், அதாவது கம்ப்ரெஷன், கசியும். வேகத்தில் தெரியாது, ஸ்லோவில்தான் மூச்சு நின்றுவிடும். இப்படியே ஓட்டினால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு கருகி, ஹெட்டைப் பிரிக்க வேண்டிவரும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் மேக்னட்டின் டி குறி நேராக வரும்படி சுற்றி, இரண்டு டேப்பெட்டும் ஆடுகிற நிலையில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகை இன்ஜின்கள் பலவற்றுக்கு 0.05 முதல் 0.08 மி.மீ. வரும், உங்கள் மேனுவலில் உள்ள அளவையே வையுங்கள். கைக்கணக்கு வேண்டாம். ஸ்லோவையும் ஏர் ஸ்க்ரூவையும் கடைசியாக, இன்ஜின் சூடாக இருக்கும்போது வையுங்கள்.

கேட்டவர்:
இன்று காலை வண்டியை ஆறவிட்டுத் திறந்தோம். எக்ஸாஸ்ட் பக்கம் 0.05 தகடு நுழையவே இல்லை! இரண்டையும் 0.08 வைத்து, சூட்டில் ஸ்லோவைச் சரிசெய்தோம். மதியம் நல்ல வெயிலில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன், நான்கு சிக்னல், ஒரு இடத்திலும் ஆஃப் ஆகவில்லை. லேசாக டிக் டிக் என்று கேட்கிறது, அது அப்படியே இருக்கட்டும். ரொம்ப நன்றி தம்பி.