காக்டெயில் கிளிக் குஞ்சுக்கு விடிந்தும் தீனிப்பை காலியாகவில்லை, மருந்து கொடுக்கலாமா?

மாடிக்கூண்டு (சேலம்):
எங்கள் வீட்டு லூட்டினோ (வெளிர்மஞ்சள் நிற வகை) ஜோடிக்கு இது முதல் அடை. ஐந்து முட்டையில் மூன்று பொரிந்தன. அப்பா பறவை குஞ்சுகளின் முதுகிலும் பின்கழுத்திலும் இறகைப் பிடுங்க ஆரம்பித்ததால், மூன்றையும் பெட்டியிலிருந்து எடுத்துக் கையால் ஊட்டுகிறேன். பெரியதுக்கு 23 நாள், 78 கிராம். அடுத்தது 21 நாள், 72 கிராம். கடைக்குட்டி 17 நாள், 46 கிராம்தான். நேற்று 48 இருந்தது.

பிரச்சினை கடைக்குட்டிக்குத்தான். இரவு பத்தரைக்கு ஊட்டியது காலை ஆறு மணிக்கும் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் அப்படியே கிடக்கிறது, தொட்டால் பிசைந்த மாவு மாதிரி இருக்கிறது. மற்ற இரண்டும் பை சுருங்கி, பசியில் கத்துகின்றன. பாக்கெட் ஹேண்ட் ஃபீட் பவுடர்தான். மூன்றுக்கும் ஒரே கிண்ணத்தில் கலந்து, தெர்மாமீட்டரில் 40 டிகிரி பார்த்துவிட்டுத்தான் ஊட்ட ஆரம்பிக்கிறேன். அட்டைப்பெட்டியில் 40 வாட் பல்பு போட்டிருக்கிறேன், உள்ளே 32 டிகிரி காட்டுகிறது. கடையில் கேட்டதற்கு ஏதோ ஆன்டிபயாட்டிக் பொடி கொடுத்து, மாவில் கலந்து கொடு என்றார்கள். கொடுக்கலாமா?

பச்சைமிளகாய்:
பாக்கெட் பவுடரை நிறுத்திவிட்டு வீட்டுச் சத்துமாவு காய்ச்சிக் கொடுங்கள் பாஸ். அதுதான் லேசாகச் செரிக்கும். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் வளர்க்கிறார்கள்.

கொண்டைராணி (மதுரை):
சத்துமாவு வேண்டாம் தம்பி. எவ்வளவு சலித்தாலும் தவிடும் நொய்யும் பையின் அடியில் தங்கும், தண்ணீர் மட்டும் இறங்கிப் போகும். இருக்கிற கட்டி இன்னும் இறுகும். பால் கலந்த குழந்தை மாவும் அப்படித்தான், பாலில் இருக்கும் லாக்டோஸைச் செரிக்கப் பறவைக்கு வழி கிடையாது.

மருந்தைத் தொடுவதற்கு முன் நாலு விஷயம் சொல்லுங்கள். எந்த வரிசையில் ஊட்டுகிறீர்கள்? தெர்மாமீட்டர் பெட்டியில் எந்த இடத்தில் இருக்கிறது? குஞ்சின் வாயருகே புளித்த வாடை வருகிறதா? வாய்க்குள் வெள்ளையாகத் திட்டு ஏதாவது தெரிகிறதா?

மாடிக்கூண்டு:
பெரிய இரண்டும் கத்திக் கூப்பாடு போடுவதால் முதலில் அவற்றுக்கு, கடைசியில் சின்னதுக்கு. தெர்மாமீட்டரை மூடியிலிருந்து தொங்கவிட்டிருக்கிறேன். புளித்த வாடை இல்லை. வாய் ரோஸ் நிறத்தில் சுத்தமாக இருக்கிறது.

கொண்டைராணி:
அப்படியானால் எனக்குச் சந்தேகம் சூட்டின் மேல்தான்.

முதல் குஞ்சுக்கு 40 டிகிரியில் போகும் மாவு, மூன்றாவதுக்கு வரும்போது எத்தனை டிகிரி? சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் மாவு, மார்கழிக் குளிர் வேறு. ஐந்தாறு நிமிடத்தில் 35-க்குக் கீழே போயிருக்கும். ஆறிய மாவு பையில் இறங்காது. ஆகக் கடைசியாகச் சாப்பிடுகிற குஞ்சுக்கு மட்டும் தேங்குகிறது, அதுவும் இருப்பதிலேயே சின்னது. இன்று சின்னதுக்கு முதலில் ஊட்டுங்கள். மாவுக் கிண்ணத்தை வெந்நீர் இருக்கும் பெரிய கிண்ணத்துக்குள் வைத்து, ஒவ்வொரு குஞ்சுக்கும் முன்பு கலக்கிவிட்டு அளந்து பாருங்கள். 39-லிருந்து 41 வரை சரி. 43-ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும், தோல் ஓட்டையாகும் அளவுக்குப் போகும். மைக்ரோவேவில் சூடாக்கவே கூடாது, நடுவில் ஓரிடம் மட்டும் கொதித்திருக்கும், மேலே தொட்டால் தெரியாது.

அடுத்து பெட்டி. மூடியில் தொங்கும் தெர்மாமீட்டர் பல்பின் சூட்டைத்தான் சொல்லும். குஞ்சு உட்காருவது தரையில். தரையில் வைத்துப் பாருங்கள், 26, 27தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மற்ற இரண்டுக்கும் இறகு விரிய ஆரம்பித்திருக்கும், அவை தாக்குப்பிடிக்கும். 17 நாள் குஞ்சுக்கு இறகு இன்னும் குழலுக்குள்தான். அதற்குத் தரையில் 30 வேண்டும். உடம்பு குளிர்ந்தாலும் பை நின்றுவிடும். பல்பை ஒரு ஓரத்துக்குத் தள்ளுங்கள், சின்னது சூட்டுப் பக்கம் ஒண்டும், பெரியவை தள்ளிப் போகும். இறக்கையை விரித்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று அர்த்தம். பல்பு அட்டையில் படாமல் இருக்கட்டும், தீப்பிடிக்கும். ஒரு சின்ன டப்பாவில் தண்ணீர் வைத்து வலையால் மூடி உள்ளே வையுங்கள், பல்பு காற்றை உலர்த்திவிடும்.

சூடாக இருக்கிறதே என்று பெட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் வெறுமனே காய்ந்தால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும். அதற்கு வாடைகூட இருக்காது.

இப்போது பையில் இருக்கும் கட்டிக்கு: காய்ச்சி ஆறிய தண்ணீரை 39 டிகிரிக்குச் சூடாக்கி 1 மில்லி மட்டும் கொடுங்கள். பிறகு விரல் நுனியால் பையை மெதுவாகத் தடவி, கட்டி கரைகிறதா என்று பாருங்கள். அழுத்தினால் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தலைகீழாகப் பிடித்து வெளியேற்றும் வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழையதன் மேல் புது மாவு போட வேண்டாம். பை காலியான பிறகு, ஸ்பூனைச் சாய்த்தால் வழியும் பதத்தில் 3 மில்லி கொடுங்கள். தேறிய பின்னும் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாலரை மில்லி போதும். எவ்வளவு ஊட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, பெரியவற்றின் அளவையே இதற்கும் கொடுத்திருந்தால் பை தொய்ந்துவிடும்.

வெட்னரி_ஃபைனல்இயர்:
அக்கா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தப் பொடி வேண்டாம் அண்ணா. எந்தக் கிருமி என்று தெரியாமல் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய், கேண்டிடா என்ற பூஞ்சை பெருகும். கை வளர்ப்புக் குஞ்சுகளில் பை புளித்துப்போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், அதற்கு மருந்தே வேறு. சூட்டைச் சரி செய்து வெந்நீர் கொடுத்தும் நாலைந்து மணி நேரத்தில் பை இறங்கவில்லை, அல்லது வாந்தி, புளித்த வாடை, வாயில் வெள்ளைத் திட்டு என்றால் காத்திருக்க வேண்டாம். சேலத்திலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். போகும்போது குஞ்சைச் சூடாக எடுத்துப் போங்கள், எடை எழுதிய தாளும் எச்சத்தின் மாதிரியும் கையில் இருக்கட்டும்.

சிரிஞ்சை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவி வெந்நீரில் போடுங்கள். ரப்பர் முனைக்குப் பின்னால் ஒட்டும் மாவு ராத்திரியே புளித்துவிடும். மிச்ச மாவைப் பத்திரப்படுத்தி மறுபடி சூடாக்கவும் கூடாது.

மாடிக்கூண்டு:
தரையில் 26 டிகிரி! மூன்றாவது குஞ்சுக்குப் போகும் மாவு 34. மத்தியானமே பெட்டியை மாற்றினேன், வெந்நீர் கொடுத்து ஒன்றரை மணி நேரத்தில் கட்டி கரைந்து பை பாதியானது. சாயங்காலம் முழுக்கக் காலி. இன்று விடிந்ததும் பார்த்தால் பை சுருங்கிக் கிடக்கிறது, எடை 47. மூன்றிலும் சத்தமாகக் கத்துவது இப்போது இதுதான். பொடியைப் பிரிக்கவே இல்லை.

இன்னொரு சிக்கல். பிரீடிங் பாக்ஸில் அம்மா பறவை மறுபடி இரண்டு முட்டை வைத்திருக்கிறது. எடுத்துவிடலாமா?

பச்சைமிளகாய்:
எடுத்துவிடுங்கள், வம்பு முடிந்தது.

கொண்டைராணி:
அப்பா இறகைப் பிடுங்கியதன் காரணம் இதுதான், அடுத்த அடைக்கு இடம் காலி பண்ணச் சொல்கிறது. முட்டையை எடுத்தால் வம்பு முடியாது பச்சைமிளகாய், கூடும். குறைந்ததை ஈடுகட்ட இன்னும் இன்னும் இடும், உடம்பில் இருக்கும் கால்சியம் முழுக்க அதில் போகும். பிறகு முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். அதனால் இந்த அடையில் உட்கார விடுங்கள். பகலில் ஆணும் இரவில் பெண்ணும் மாறி மாறி உட்காரும், 18-லிருந்து 21 நாளில் பொரிக்கும். கூண்டில் கணவாய் மீன் ஓடு எப்போதும் இருக்கட்டும், வேகவைத்த முட்டையை ஓட்டோடு நசுக்கிப் போடுங்கள், முருங்கைக்கீரையும் கொடுங்கள். பெண் பறவை கூண்டின் அடியில் உப்பி உட்கார்ந்து, வாலை ஆட்டி முக்கினால் உடனே சூடான இடத்துக்கு மாற்றி டாக்டரிடம் ஓடுங்கள்.

இந்த அடைக் குஞ்சுகள் வெளியேறியதும் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும். வருடத்துக்கு இரண்டு அடை, அதற்கு மேல் கேட்காதீர்கள். பெட்டிக்குள் மரச்சீவல் இருக்கிறதா? வெறும் பலகையில் வழுக்கி, குஞ்சுக்குக் கால் அகன்றுவிடும்.

மாடிக்கூண்டு:
இருக்கிறது அக்கா, ஆனால் அம்மாக்காரி பாதியை வெளியே தள்ளிவிட்டது. இன்றே மரப்பட்டறையில் வாங்கி வந்து நிரப்புகிறேன்.

கொண்டைராணி:
தேக்குச் சீவல் என்றால் வாங்காதீர்கள், அதன் தூசி மூச்சுக்கு ஆகாது. மருந்தடித்த பலகையா என்றும் கேட்டு வாங்குங்கள்.