இறக்கத்துக்கு ஏற்ற காலணி: மலையூர் நடைபாதைகளில் தினமும் நடப்பவர்களின் அனுபவங்கள்

கொடைக்கானல், அப்சர்வேட்டரி பகுதியிலிருந்து

சமவெளியில் இருக்கும் உறவினர்கள் நடைப்பயிற்சிக்குக் காலணி வாங்கும்போது, மெத்தென்று இருக்கிறதா, எடை குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஏறாமலும் இறங்காமலும் நூறு அடி நடக்க முடியாத ஊரில் இருக்கும் நமக்கு அது போதாது. இறக்கத்தில் இறங்கும்போது காலணிக்குள் பாதம் எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்வதற்காகவே இந்தப் பகிர்வைத் தொடங்குகிறேன்.

1863-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்ட நம் ஏரியைச் சுற்றியுள்ள சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம் கொண்டது. மலையில் இவ்வளவு தூரம் பெரும்பாலும் சமதளமாக நடக்கக் கிடைப்பது அரிது. ஆனால் ஏரிக்கரையிலேயே வீடு இருப்பவர்கள் எத்தனை பேர்? எங்கள் மேட்டுப் பகுதியில் குடியிருப்பவர்கள் ஏரிக்கு இறங்கி, அதைச் சுற்றி வந்து, மறுபடியும் ஏறித்தான் வீடு சேர வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்குவதால் ஏற்றமே கடினமானது என்று தோன்றுகிறது; காலுக்குச் சேதம் பெரும்பாலும் இறக்கத்தில்தான் நேர்கிறது. உடலின் எடை முழுவதும் முன்னோக்கித் தள்ளப்பட, பாதம் வழுக்கிச் சென்று விரல் நுனிகள் காலணியின் முன்பக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை முட்டுகின்றன. முழங்காலுக்கும் இறக்கத்தில்தான் சுமை அதிகம்.

எங்களுடன் நடக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு இரண்டு கால் பெருவிரல் நகங்களும் மெல்ல மெல்லக் கறுத்துப் போயின. பூஞ்சைத் தொற்றாக இருக்குமோ என்று பயந்து அவர் மருத்துவரிடம் சென்றார். மருத்துவர் நகத்தைப் பார்த்துவிட்டு, கழற்றி வைத்திருந்த காலணியையும் எடுத்துவரச் சொன்னார். உள்ளே இருந்த அட்டையை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் அவரை நிற்கச் சொன்னாராம். பெருவிரல் அட்டையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் பக்கத்தில் பாதம் அட்டைக்கு வெளியே பிதுங்கி நின்றது. நகத்தடியில் இரத்தம் கட்டியதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. காலணி வாங்கும் ஒவ்வொருவரும் கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். உள்ளட்டையின்மேல் எழுந்து நின்றால், மிக நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் மிஞ்ச வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளமாக இருக்கும் என்பதையும், இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய பாதத்துக்குத்தான் அளவு பார்க்க வேண்டும்.

நம்மில் பலர் நல்ல காலணி வாங்க வத்தலக்குண்டு வழியாக மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ இறங்குகிறோம். காலை நேரத்தில் பாதம் சிறுத்தும் மாலையில் சற்று வீங்கியும் இருப்பதால் மாலையில் வாங்குவது நல்லது என்ற அறிவுரை சரியானதுதான். ஆனால் நாம் பேருந்தில் மணிக்கணக்கில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, அதன்பின் வெயிலில் அலைந்து கடைக்குள் நுழைகிறோம். அதனால் பாதம் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வீங்கியிருக்கலாம். கடையிலோ மெல்லிய நைலான் காலுறை ஒன்றைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ஊர் திரும்பி மார்கழிக் குளிரில் கம்பளிக் காலுறையை அணிந்ததும் அதே காலணி இறுக்குகிறது. ஆகவே தினமும் எந்தக் காலுறையோடு நடக்கிறோமோ அதையே பையில் எடுத்துச் செல்லுங்கள். கடையில் உட்கார்ந்து கொஞ்சம் இளைப்பாறிய பிறகு அளவு பாருங்கள்.

அந்த ஆசிரியைக்குப் புதுக் காலணி வாங்க மதுரையில் ஒரு கடைக்கு நானும் உடன் சென்றிருந்தேன். விற்பனையாளர் இளைஞர், அவர் உட்கார்ந்திருந்தபடியே காலணியை மாட்டிவிட்டு, நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "சரியா இருக்கும்மா" என்றார். அந்தக் கடைக்கு மாடி இருந்தது. "தம்பி, நாங்க மலையில இருக்கிறவங்க, ஒரு தடவை படியில ஏறி இறங்கிப் பாத்துக்கிறேன்" என்று கேட்டு, ஆசிரியை படியேறிப் போய் மெதுவாக இறங்கி வந்தார். பாதிப் படியிலேயே நின்று, விரல் இடிக்கிறது என்றார். தரையில் நின்றபோது தெரியாத குறை படியில் தெரிந்துவிட்டது. அடுத்த எண்ணை எடுத்துவரச் சொன்னோம். அதில் குதிகால் தளர்ந்து மேலும் கீழும் நழுவியது. நம் கடைகளில் புழங்கும் இங்கிலாந்து அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். அரை எண் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

அதற்கு அந்த இளைஞரே வழி காட்டினார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். நடைக்கான காலணிகள் பலவற்றில் கணுக்காலை ஒட்டி, மற்ற துளைகளின் வரிசையிலிருந்து சற்றுப் பின்தள்ளி, கூடுதலாக ஒரு துளை இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. நாடாவின் முனையை அதே பக்கத்திலுள்ள அந்தக் கடைசித் துளைக்குள் நுழைத்து இரண்டு பக்கமும் ஒரு சிறு வளையம் உண்டாக்கி, வலப்பக்க நாடாவை இடப்பக்க வளையத்திலும் இடப்பக்க நாடாவை வலப்பக்க வளையத்திலும் கொடுத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போட்டால், குதிகால் பின்சுவரோடு ஒட்டி நின்றுவிடுகிறது. முன்பக்கம் தாராளமாகவும் பின்பக்கம் இறுக்கமாகவும் அமைவதால் இறக்கத்தில் பாதம் முன்னுக்கு வழுக்குவதில்லை. அதே பெரிய எண்ணை வாங்கி, இப்படியே கட்டி, அந்த அம்மையார் இன்றும் நடக்கிறார். நகமும் நன்றாக வளர்ந்துவிட்டது.

குன்னூர், பெட்போர்டிலிருந்து

மேலே எழுதிய உறுப்பினர் சொன்ன இறக்கத்தோடு ஈரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நடைபாதையின் சிமெண்டு ஓரங்களில் பாசி படர்ந்துவிடும். சாக்கடை மேல் போட்ட இரும்புக் கம்பி மூடிகளும் ஈர இலைகளும் அதற்குத் துணை. கீழ்க்குன்னூர்ப் பேருந்து நிலையத்துக்கு இறங்குகிறவர்களுக்கு மெத்தை முக்கியமல்ல, பிடிமானம்தான் முக்கியம். கடினமான பிளாஸ்டிக் வகை அடிப்பாகம் குளிரில் இன்னும் இறுகி வழுக்கும். ரப்பர் அந்த அளவுக்கு வழுக்குவதில்லை. கடையில் அடிப்பாகத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் அமுங்காமல் வழவழவென்று இருந்தால் எங்கள் ஊருக்கு அது வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது என் அப்பாவைப் பற்றி. அவருக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. ஒருநாள் காலை சிம்ஸ் பூங்கா வரை நடந்து திரும்பியவர் காலணியைக் கழற்றியபோது, உள்ளிருந்து கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காய் ஒன்று திண்ணையில் உருண்டு விழுந்தது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஆனால் நான்கு பக்கமும் வரம்பு வைத்து, மரம்போல் இறுகியிருக்கும் அந்தக் காயை இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். வாசலில் வைத்திருந்த காலணிக்குள் அது எப்போது விழுந்ததோ தெரியாது. காலுறையைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளங்காலில் காயின் வடிவம் அப்படியே சிவந்து பதிந்திருந்தது. அவருக்கு வலியே தெரியவில்லை. அன்றிலிருந்து, அணிவதற்கு முன் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டு விரலால் தடவிப் பார்ப்பது எங்கள் வீட்டில் விதியாகிவிட்டது.

வலி தெரியாத பாதத்துக்குக் காலணியே காவல் என்பதை நம் மாநிலம் வெகு காலத்துக்கு முன்பே உலகுக்குக் காட்டியிருக்கிறது. கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களில் புண் வருவதற்குக் காரணம் உணர்ச்சியின்மையால் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று கண்டு, மென்மையான நுண்துளை ரப்பர் செருப்புகளை அவர்களுக்காக உருவாக்கப் பாடுபட்டார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு அதே ரப்பரால் ஆனதுதான். வார் வைத்துக் குதிகாலைப் பிடிக்கும் வகையை வாங்குங்கள். பின்வார் இல்லாத செருப்பை இறக்கத்தில் விரல்களால் கவ்விப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். உணர்ச்சி குறைந்தவர்கள் காலணியை மருத்துவரைக் கேட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் அரைகுறை வேண்டாம்.

கோத்தகிரியிலிருந்து

ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் நெடுநாள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். ஒரே எண் போட்ட இரண்டு காலணிகளில் ஒன்று பொருந்தி மற்றொன்று கடிப்பதற்குக் காரணம், நாங்கள் லாஸ்ட் என்று சொல்லும் கால் அச்சு. அந்த அச்சின்மேல்தான் மேற்பாகத்தை இழுத்து ஒட்டுகிறோம். எண் நீளத்தை மட்டும் சொல்கிறது. அகலத்தையும் விரல்பகுதியின் உயரத்தையும் அச்சு தீர்மானிக்கிறது. நம்மவர்களில் பலருக்கு முன்பாதம் அகலமாகவும் குதிகால் ஒடுக்கமாகவும் இருக்கிறது. ஆகவே எண்ணைச் சொல்லி வாங்கி வரும்படி பிள்ளைகளிடம் பணம் கொடுத்தனுப்பாதீர்கள். பாதத்தின் சொந்தக்காரரே கடைக்குப் போக வேண்டும்.

கையில் எடுத்ததும் காலணியை நுனியிலும் குதிகாலிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் அது மடங்க வேண்டும். நட்டநடுவில் இரண்டாக மடிந்தால் பாதவளைவுக்குத் தாங்கல் இல்லை என்று பொருள். குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரை இரு விரலால் அமுக்கினால் அது எளிதில் நசுங்கக் கூடாது.

மலையில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய விலையுயர்ந்த காலணியை, தேய்ந்துவிடுமே என்று அலமாரியில் பூட்டி வைத்து, சில வருடம் கழித்து எடுத்து மாட்டினால், நான்கு அடி நடப்பதற்குள் அடிப்பாகம் பிட்டுப் பிட்டாக உதிர்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். அது போலிச் சரக்கு அல்ல. பி.யூ. என்று சொல்லப்படும் பாலியூரித்தேன் நுரை காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து தானாகவே சிதைகிறது. மாதக்கணக்கில் மூட்டம் விலகாத நம் ஊரில் அந்தச் சிதைவு சீக்கிரம் நடக்கிறது. காலணி அடிப்பாகத்தில் வரும் இன்னொரு வகையான ஈ.வி.ஏ. நுரைக்கு இந்தக் கேடு இல்லை. அதன் குறை வேறு: நடக்க நடக்க அமுங்கி, பழையபடி எழும்பாமல் போய்விடும். மேலே பார்க்கப் புதிதாகவே தெரியும். பக்கவாட்டு நுரையில் குறுக்குச் சுருக்கங்கள் விழுந்திருக்கும். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை நடந்த பிறகு மாற்றுவது பொதுவான வழக்கம். எந்த வகையாக இருந்தாலும் வாங்கியதை உபயோகியுங்கள், பூட்டி வைக்காதீர்கள்.

நனைந்த காலணியை அடுப்பங்கரையிலோ ஹீட்டர் முன்னாலோ வைத்தால் பசை விட்டுவிடும், நுரை சுருங்கிவிடும். உள்ளட்டையை வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, தாள் ஊறியதும் மாற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு ஜோடி காய ஒருநாள் போதாது. முடிந்தவர்கள் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றி அணிவது நல்லது. புதுக் காலணியைத் தெருவோரத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றுத் தையல் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒட்டு விடாமல் இருக்க அது உதவும். ஆனால் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். தண்ணீர் புகாதது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியதற்கு அந்தத் தையலைப் போட்டுவிடாதீர்கள்.

உதகையிலிருந்து

எல்லோரும் எழுதியது பயனுள்ளது. பெண்கள் சார்பாக ஒன்றை நான் சேர்க்க வேண்டும். சேலைக்கு ஷூ போடுவதா என்ற கூச்சத்தாலேயே எங்கள் தெருவில் எத்தனையோ பெண்கள் வழுவழுத்த ரப்பர் செருப்போடு கமர்ஷியல் சாலை வரை இறங்கி ஏறுகிறார்கள். உறைபனி விழும் தை மாதக் காலையில்கூட அதே செருப்புதான். பித்தவெடிப்பும், எழுந்து முதல் அடி வைக்கும்போது சுரீரென்று குத்தும் குதிகால் வலியும் பலருக்கு உண்டு. அந்த வலியோடு மருத்துவரிடம் போனவர்களுக்கு முதலில் கிடைத்த அறிவுரையே காலணியை மாற்றச் சொன்னதுதான். என் நாத்தனார் பல நாள் தயங்கி, பிறகு சேலையைக் கணுக்கால் தெரியும்படி சற்று உயர்த்திக் கட்டி, கறுப்பு நிற நடைக்காலணி அணிந்து வெளியே வந்தார். இரண்டொரு நாள் தெருவில் பார்த்தார்கள். பிறகு எதிர்வீட்டு அக்கா, எங்கே வாங்கினாய் என்று கேட்க வந்தார்.

பெண்களுக்கென்று விற்கும் காலணிகள் பெரும்பாலும் ஒடுக்கமாக இருக்கின்றன. இங்கிலாந்து அளவுமுறையில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே எண்வரிசைதான் என்பதால், அகலப் பாதமுள்ள பெண்கள் ஆண்கள் பிரிவில் அதே எண்ணைக் கேட்டுப் போட்டுப் பார்க்கலாம். சிறிய எண்கள் இல்லை என்பார்கள், சிறுவர் பிரிவில் தேடினால் கிடைக்கும். நாத்தனார் வாங்கியது அப்படித்தான். அளவு சரியில்லையென்றால் வெளியில் அணியாத நிலையில் மாற்றித் தருவதாக ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே இரண்டு மாலை போட்டு நடந்து, வாசற்படியில் ஒரு துணி விரித்து ஏறி இறங்கிப் பார்த்த பிறகுதான் அவர் அதைத் தெருவில் இறக்கினார்.