அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு பழைய காரைச் சீரமைக்க இடம் தேடுகிறேன்: வழி சொல்லுங்கள்

கேள்வி

வணக்கம். 1970களில் தயாரான, கார்புரேட்டரும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஒரு பழைய கார் என்னிடம் இருக்கிறது. அன்றாடப் போக்குவரத்துக்கு வேறு வண்டி உண்டு. இதை என் கையாலேயே சீரமைத்து ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நகரத்தின் நடுவே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். அடித்தளத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடம் ஏறத்தாழ 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உடையது. இரு புறமும் அண்டை வீட்டாரின் வண்டிகள் நிற்கின்றன.

பின்பக்க பிரேக் சிலிண்டர்கள் கசிகின்றன. கிளட்ச் நழுவுகிறது. ஓட்டுநர் காலடியில் உள்ள தரைத்தகடு துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. கார்புரேட்டரையும் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால், அடித்தளத்தில் சக்கரம் கழற்றுவதற்குக்கூட குடியிருப்பு நிர்வாகம் எழுத்து மூலம் தடை விதித்திருக்கிறது. தனி கராஜ் எடுக்கலாம் என்றால், என் வருமானத்துக்குள் அடங்குவது எதுவும் அருகில் கிடைக்கவில்லை. வண்டியை விற்க மனமில்லை. இதே நிலையில் இருந்து இப்படிப்பட்ட வேலைகளை முடித்தவர்கள் இடத்துக்கு என்ன செய்தீர்கள்?

பதில் 1

இடம் தேடுவதற்கு முன் வேலையைப் பிரித்துப் பாருங்கள், நண்பரே. நீங்கள் குறிப்பிட்ட நான்கு வேலைகளும் நான்கு விதமான இடத்தைக் கேட்கின்றன; நான்கையும் ஒரே கூரையின் கீழ் முடிக்க வேண்டும் என்று எண்ணும்போதுதான் மாதக்கணக்கில் வாடகை கொடுக்கும் கராஜ் இல்லாமல் முடியாது என்று தோன்றுகிறது.

கார்புரேட்டருக்குத் தேவைப்படுவது ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் மட்டுமே. திறந்த வெளியில் அதைக் கழற்றி, மிதவை அறையில் இருக்கும் பெட்ரோலை முழுவதும் வடித்து, நன்கு உலர்ந்த பிறகு வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அகலமான தட்டு ஒன்றில் வைத்துப் பிரித்தால் ஜெட்டுகள் எனப்படும் சிறு துளைத் திருகுகளும் குண்டுமணிகளும் உருண்டு ஓடாது. ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்பும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்டார்ட்டர் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர், வைப்பர் மோட்டார், கதவுப் பூட்டுகள், இருக்கைகள், மீட்டர் பலகை ஆகிய அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவையே. பழைய கார் ஒன்றைச் சீரமைப்பதில் பெரும்பகுதி நேரம் இப்படி வண்டியை விட்டு வெளியே வந்த பாகங்களின் மீதுதான் செலவாகிறது என்பது என் அனுபவம்.

பிரேக் வேலைக்குக் கெட்டியான, சமதளமான தரை ஒரு நாளுக்குக் கிடைத்தால் போதும். கிளட்ச் அப்படியன்று. பின்சக்கர இயக்க வண்டியில், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டை அவிழ்த்து, கியர்பாக்ஸைக் கீழ்வழியாக இறக்க வேண்டும். சிறிய காரின் கியர்பாக்ஸே 25 முதல் 40 கிலோ வரை இருக்கும் என்பதால், தரையில் படுத்துக்கொண்டு ஒருவர் தனியாகச் செய்யக் கூடாத வேலை அது. வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டுடன் கூடிய வேலைத்தளத்தை மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வாடகைக்கு விடும் பணிமனைகள் பல நகரங்களில் உள்ளன. கிளட்ச் வேலைக்கு அதுவே பொருத்தமானது. கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவற்றோடு கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த சீல் கசிந்து எண்ணெய் பட்டதால்தான் கிளட்ச் நழுவுகிறது என்று பிரித்த பிறகு தெரியவந்து, அதை வாங்கும் வரை லிஃப்டில் வண்டி தொங்கிக்கொண்டிருந்தால், வாடகை உங்களை விழுங்கிவிடும்.

மிஞ்சுவது தரைத்தகடு. வண்டி வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய வேலை அது ஒன்றுதான். ஆகவே, அந்த ஒரு வேலைக்கு மட்டும் இடம் தேடுங்கள்.

பதில் 2

அடித்தளத்தில் தடை விதித்த நிர்வாகத்தின் மீது வருத்தம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. பெட்ரோல் ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. திறந்த வெளியில் கலைந்துபோகும் அது, அடித்தளத்தில் தரையோடு படிந்து, பள்ளங்களிலும் வடிகால்களிலும் தேங்கி, சிறிது தூரத்தில் இயங்கும் பம்பின் சுவிட்சிலிருந்து தெறிக்கும் பொறியால்கூடப் பற்றிக்கொள்ளலாம். எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது இன்னும் ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி தொடங்கும்போதே நிதானம் குறைந்துவிடும்.

எந்த இடம் கிடைத்தாலும் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழையாதீர்கள். இரு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே செல்லுங்கள். தார்த் தரையாக இருந்தால் வெயிலில் இளகி ஸ்டாண்டின் கால்கள் புதையும். அடியில் கனமான பிளைவுட் பலகை போடுவது அவசியம்.

உங்கள் வண்டியின் காலத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் பொருந்தும். அக்காலத்து பிரேக் லைனிங்குகளிலும் கிளட்ச் தட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாமல், ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இரவல் இடத்தில் அடுத்தவர் சுவாசிக்கும் காற்றுக்கும் நாம்தான் பொறுப்பு.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வேலைகளைத் தனித்தனியாகப் பார்க்கும் எண்ணம் எனக்கு வரவே இல்லை. கார்புரேட்டரை இந்த வாரமே கழற்றுகிறேன்.

தரைத்தகட்டுக்கு இப்போது இரண்டு வழிகள் தென்படுகின்றன. நகரின் எல்லையில் ஒரு சிறிய கிடங்கை, பழைய கார் வைத்திருக்கும் வேறு இருவருடன் சேர்ந்து வாடகைக்கு எடுக்கலாம். அல்லது, தெரிந்த மெக்கானிக் ஒருவர் தம் பட்டறையை விடுமுறை நாள்களில் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறார். எது நல்லது? கிடங்கு 8.5 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் கொண்டது. மூன்று வண்டிகளுக்குப் போதுமா?

பதில் 3

தரைத்தகட்டுக்குக் கிடங்குதான் சரி. பட்டறையில் வேலை நாள் காலையில் உங்கள் வண்டி வெளியே போயாக வேண்டும். இருக்கைகளும் தரையும் வெட்டி எடுக்கப்பட்ட வண்டியை வாரந்தோறும் வெளியே தள்ளி நிறுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது. மெக்கானிக்கின் அன்பான அழைப்பை கிளட்ச் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, வெறுமனே நிறுத்தி வைக்கும் வண்டிக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் போதும். சுற்றிவந்து வேலை செய்ய வேண்டுமானால் 3.5 மீட்டருக்கு 6 மீட்டராவது வேண்டும். மூன்று வண்டிகளிலும் ஒரே நேரத்தில் வேலை என்றால் 63 சதுர மீட்டர் ஆகும். கிடங்கில் இருப்பது 51. ஆனால் இரண்டை நெருக்கி நிறுத்திவிட்டு ஒன்றில் மட்டும் வேலை செய்வதென்றால் 46 சதுர மீட்டரில் அடங்கி, சுவரோரம் பெஞ்ச் போடவும் இடம் மிஞ்சும். இந்தக் கணக்கு ஒரே நிபந்தனையின் மேல் நிற்கிறது: மூன்று வண்டிகளும் எப்போதும் உருள வேண்டும். அச்சு கழற்றப்பட்டு ஸ்டாண்டின் மேல் நிற்கும் ஒரு வண்டி மற்ற இருவரின் உரிமையையும் முடக்கிவிடும். பகிர்ந்துகொண்ட கிடங்குகள் உடைவது பெரும்பாலும் பணத்தால் இல்லை, இதனால்தான். வேலை செய்யும் முறை யாருக்கு எந்த மாதம், ஒருவர் விலகினால் வாடகையை யார் ஏற்பது, கைவிடப்பட்ட வண்டியை என்ன செய்வது ஆகிய மூன்றையும் இப்போதே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

உரிமையாளரிடம் 'கார் நிறுத்துவதற்கு' என்று மட்டும் சொல்லி இடம் எடுக்க வேண்டாம். பழுது பார்க்கவும் வெல்டிங் செய்யவும் அனுமதி உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டடத்தின் காப்பீடு அதற்கு இடம் தருகிறதா என்பதையும் கேட்டு எழுத்தில் பெறுங்கள். அனுமதி இல்லாத இடத்தில் தீ விபத்து நேர்ந்தால் இழப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும்.

பதில் 4

வெல்டிங் பற்றிச் சில வார்த்தைகள். தரைத்தகட்டின் அடியில் பூசிய தார்ப்பூச்சும் மேலே ஒட்டிய ஒலித்தடுப்பு விரிப்பும் எளிதில் எரியும். பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி அவற்றைச் சுரண்டி எடுங்கள். பெட்ரோல் டேங்கும் குழாய்களும் அருகில் இருக்கக் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் தகட்டைத் துடைக்காதீர்கள். அதன் ஆவி வெல்டிங் வெப்பத்தில் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும். வேலை முடிந்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பாமல், தீயணைப்பானுடன் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருந்து கவனியுங்கள்.

மின்சார இணைப்பு எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். சுருள் எக்ஸ்டென்ஷனில் வெல்டிங் இயந்திரத்தை இணைப்பதானால் வயரை முழுவதும் விரித்துவிட வேண்டும். சுருண்டபடி இருந்தால் வெப்பம் வெளியேறாமல் உறை உருகும்.

கேட்டவர்

கிடங்கின் உரிமையாளர் வெல்டிங்குக்கு எழுத்தில் சம்மதம் தர முன்வந்திருக்கிறார். கடைசியாக ஒரு சந்தேகம். கால் பிரேக் கசியும் நிலையில், கை பிரேக்கை நம்பி வண்டியை அங்கே மெதுவாக ஓட்டிச் செல்லலாமா?

பதில் 3

வேண்டாம். உங்கள் வண்டியில் கை பிரேக் கம்பி வழியாகப் பின்சக்கர பிரேக் ஷூக்களையே இயக்குகிறது. சிலிண்டர் கசிந்து அந்த ஷூக்கள் நனைந்திருந்தால் கை பிரேக்கும் பிடிக்காது. தட்டையான தளம் கொண்ட மீட்பு லாரியில், வின்ச்சால் இழுத்து ஏற்றி அனுப்புங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க ஒருவர் கூடவே நிற்கட்டும். கிடங்குக்குச் சென்றதும் முதலில் பிரேக்கை முடித்துவிடுங்கள். வெல்டிங்குக்காக வண்டியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அது தேவைப்படும்.